இரத்தம் கொடுத்தவர் சொன்னது

மொரகொல்ல
24 ஜூன் 1997

அன்புள்ள அக்காவுக்கு,

புத்த பகவானின் அருளால் நானும் அம்மாவும் நலம். மழை பிடித்ததிலிருந்து அம்மாவுக்கு முழங்கால் வலி கூடியிருக்கிறது. படி இறங்கவே பயப்படுகிறார். உங்கள் உடம்பு எப்படி? பொசன் பௌர்ணமிப் போயா அன்றைக்கு இரத்ததானக் கேம்பில் விடிந்ததிலிருந்து நின்றுகொண்டே இருந்தீர்களே, கால் வீக்கம் வற்றியதா?

ஊரில் இன்னும் விகாரையில் நடந்த இரத்ததானப் பேச்சுதான். எந்த வருஷமும் இவ்வளவு கூட்டம் வந்ததில்லை என்று பெரிய பிக்கு பிரசங்கத்திலேயே சொன்னார். திலகரத்னவுக்குத் தலைகால் புரியவில்லை. அண்ணன் சுமனதாச பஸ் விபத்தில் இரத்தம் கிடைக்காமல் செத்ததிலிருந்து, அவன் பேரில் இதை நடத்துவதுதானே இவருக்கு மூச்சு. முதல் கட்டிலில் முதல் ஆளாக இவர் படுத்ததும் பிக்கு பிரித் மந்திரம் ஓதிக் கையில் காப்பு நூல் கட்டினார் பாருங்கள், பின்னால் நின்ற பெண்கள் எல்லாரும் என்னைத்தான் பார்த்தார்கள். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது. வரப்போகிற மாப்பிள்ளைக்கு ஊசி குத்த, பெண்ணின் அக்கா கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள் என்று கடைக்கார குணவதி இன்னும் சொல்லிச் சிரிக்கிறாள்.

ஒன்று கேட்க வேண்டும். எல்லாம் முடிந்து சாமான் கட்டுகிற நேரத்தில் நீங்களும் அவரும் தானசாலைக்குப் பின்னால் நின்று கதைத்தீர்கள் அல்லவா? நான் தேநீர் எடுத்துக்கொண்டு வந்ததும் இரண்டு பேரும் வாயை மூடிக்கொண்டீர்கள். அவர் முகம் என்னவோ போல் இருந்தது. பிறகு கேட்டதற்கு, "கேம்ப் விஷயம்தான், உனக்கெதுக்கு?" என்றார். அப்படி என்ன விஷயம்?

கல்யாணக் கார்டுக்கு மாதிரி பார்த்துவிட்டோம். ஓகஸ்ட் கடைசி ஞாயிறு, சுபநேரம் காலை. நீங்கள் ஒரு வாரம் முன்பே வந்துவிட வேண்டும்.

உங்கள் நலத்துக்காக விளக்கேற்றும் தங்கச்சி, உங்கள் நங்கி,
அனுலா


தாதியர் விடுதி
3 ஜூலை 1997

அன்பு நங்கிக்கு,

கடிதம் கிடைத்தது. நான் நலம். கால் வீக்கம் மறுநாளே போய்விட்டது. அம்மாவுக்கு ஒரு தைலம் வாங்கியிருக்கிறேன், இந்தப் பக்கம் வருகிறவர் யாரிடமாவது கொடுத்தனுப்புகிறேன். சூடு பறக்கத் தேய்க்கச் சொல்.

இங்கே டெங்குக் காய்ச்சல் பரவியிருக்கிறது. வருகிற இரத்தமெல்லாம் வந்த வேகத்தில் போகிறது. எங்களுக்கு மூச்சுவிட நேரமில்லை. அதனால் ஓகஸ்டில் எனக்கு விடுப்புக் கிடைக்காது போலிருக்கிறது. நான் இல்லாமல் உன் கல்யாணம் நடப்பதை நினைத்துப் பார்க்க முடியவில்லை. ஜனவரிக்குத் தள்ளிவைத்தால் என்ன? வருஷம் பிறந்த பிறகு நல்ல நாட்கள் நிறைய வருமே. கார்டு அச்சடிக்கக் கொடுக்காதே. அம்மாவிடம் பக்குவமாகச் சொல்.

மழையில் நனையாதே. உனக்குச் சளி பிடித்தால் லேசில் விடாது.

அன்புடன்,
அக்கா சோமலதா


மொரகொல்ல
12 ஜூலை 1997

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் சுகம் என்றுதான் எழுத வேண்டும். உங்கள் கடிதத்தை வாசித்ததிலிருந்து அம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை.

ஓகஸ்டில் விடுப்பு எழுதிக் கொடுத்தாயிற்று, மேட்ரனும் சரியென்று சொல்லிவிட்டார் என்று வெசாக் பண்டிகைக்கு வந்தபோது நீங்கள்தானே சொன்னீர்கள்? மூன்று நாள் விடுப்புக்காக ஐந்து மாதம் கல்யாணத்தைத் தள்ளுவார்களா? காலையில் வந்து சாயங்காலம் திரும்பினாலும் எங்களுக்குப் போதுமே.

அதைவிட எனக்கு விளங்காதது இது. திலகரத்ன குதிப்பார் என்று நினைத்துப் பயந்துகொண்டே சொன்னேன். பந்தல்காரருக்குச் சொல்லியாயிற்று, மேளம் பேசியாயிற்று. அவரோ ட்ராக்டருக்கு அடியில் படுத்தபடி, ஒரு சொல் கோபமாகப் பேசவில்லை.

"அக்கா சொன்னா கேட்கத்தானே வேணும்" என்றார்.

"எப்ப இருந்து அக்கா சொன்னதெல்லாம் கேட்கிறீங்க?"

"அவங்க படிச்சவங்க. யோசிக்காமலா சொல்லுவாங்க?"

வெளியே வந்து என் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. சட்டியில் இருந்த எண்ணெயைத் தட்டிக் கொட்டிவிட்டுத் திரும்ப உள்ளே போய்விட்டார்.

போன கடிதத்தில் ஒரு கேள்வி கேட்டிருந்தேன். நீங்கள் அதைப் பார்க்காதது போல் எழுதியிருக்கிறீர்கள். தானசாலைக்குப் பின்னால் என்ன கதைத்தீர்கள்?

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அனுலா


தாதியர் விடுதி
9 ஓகஸ்ட் 1997

அன்பு நங்கிக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. எழுதுவதும் கிழிப்பதுமாக நாள் போய்விட்டது. நான் நலம். தைலம் கிடைத்ததா? அம்மாவுக்கு வலி குறைந்திருக்கிறதா?

கேட்ட கேள்விக்கு நேரே பதில் சொல்லாமல் என் வேலையைப் பற்றி எழுதுகிறேன் என்று நினைக்காதே. பொறுமையாக வாசி.

எங்கே கேம்ப் போட்டாலும் கட்டில்களுக்கு முன்னால், கொஞ்சம் தள்ளி, ஒரு மேசையும் இரண்டு நாற்காலியும் போடுவோம். ஊசியை விட அந்த நாற்காலிதான் முக்கியம். வருகிறவரிடம் நான் கேட்பேன்: மஞ்சள் காமாலை வந்திருக்கிறதா, மலேரியா வந்ததா, என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள், பச்சை குத்தினீர்களா, வேறு பெண்களிடம் போனதுண்டா. சிலருக்குக் கோபம் வரும், சிலருக்குச் சிரிப்பு வரும். சோதனைக் கூடத்தில் எல்லாம் தெரிந்துவிடாது. ஆள் வாயால் சொன்னால்தான் தெரியும் என்கிற சங்கதிகள் உண்டு. அந்த இரத்தம் யாரோ ஒரு பிள்ளைத்தாய்ச்சிக்குப் போகிறது, சூடு பட்ட குழந்தைக்குப் போகிறது.

போன வாரம் பஸ் டிப்போவில் கேம்ப். ஒரு கண்டக்டர் என் முன்னால் உட்கார்ந்து ஒரு விஷயம் சொன்னார். "இன்றைக்கு வேண்டாம், போய்ட்டு வாங்க" என்றேன். எழுந்து போகிறபோது வரிசையில் நின்றவர்கள் விடவில்லை. "என்னடா மச்சான், ஊசிக்குப் பயமா?" என்றான் ஒருவன். "பயமா, வேற ஏதாவதா?" என்றான் இன்னொருவன். எல்லாரும் சிரித்தார்கள். அவர் சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டு தலை குனிந்து போனார். அன்றைக்கு அந்த இடத்தில் யோக்கியமான ஆள் அவர்தான். அதை நான் யாரிடமும் சொல்ல முடியாது. அந்த நாற்காலியில் சொன்னதை வெளியே சொன்னால், அடுத்தவர் வந்து உட்கார்ந்து பொய்தான் சொல்வார்.

நான் சொல்ல முடியாததைச் சொல்லக்கூடியவர் இருக்கிறார். அவரிடம் கேள். சண்டை போடாமல் கேள்.

அன்புடன்,
அக்கா


மொரகொல்ல
20 ஓகஸ்ட் 1997

அக்கா,

அம்மா நலம் விசாரிக்கச் சொன்னார். விசாரித்துவிட்டேன்.

உன் கதையை இரண்டு தரம் வாசித்தேன். கண்டக்டர், நாற்காலி, பிள்ளைத்தாய்ச்சி. ரொம்ப அழகாக எழுதுகிறாய். இப்போது நான் ஒரு கதை சொல்கிறேன்.

குணவதியின் மருமகள் காதுவலிக்கு உங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்தாளாம். சனிக்கிழமை. கண்டீனில் நீயும் திலகரத்னவும் ஒரே மேசையில் உட்கார்ந்திருந்தீர்களாம். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டாராம். நீ அவர் கையை இப்படித் தட்டிக்கொடுத்தாயாம். கடையில் ஊர்ச்சனம் முழுக்க நிற்கிறபோது அவள் தட்டிக் காட்டினாள், அக்கா. என் கையிலேயே தட்டிக் காட்டினாள்.

நேராக அவருடைய கரேஜுக்குப் போனேன்.

"சனிக்கிழமை எங்க போனீங்க?"

"டவுனுக்கு. பார்ட்ஸ் வாங்க."

"பார்ட்ஸ் எங்க?"

"கடை பூட்டியிருந்தது."

"ஆஸ்பத்திரிக் கண்டீன் திறந்திருந்ததா?"

ஸ்பேனரைக் கீழே வைத்தார். "அக்காகிட்ட ஒரு வேலை இருந்தது. என்னன்னு இப்ப கேட்காதே அனுலா. பிறகு சொல்றேன்" என்றார். சண்டை போடாமல் கேள் என்றாயே, கேட்டேன். அவர் பிறகு என்கிறார். நீ ஜனவரி என்கிறாய். இரண்டு பேரும் நாளைக் கூட ஒன்றாகப் பேசி வைத்திருக்கிறீர்கள்.

நான்கு வருஷத்துக்கு முன்னால் தரகர் இந்த வீட்டுக்கு அவர் ஜாதகத்தைக் கொண்டுவந்தது உனக்காகத்தான். தாதிப் பயிற்சி முடியட்டும் என்று நீ வேண்டாம் என்றாய். இப்போது முப்பத்தொன்று ஆகிவிட்டது, பயிற்சியும் முடிந்துவிட்டது. வேண்டுமென்றால் வாயால் கேட்டிருக்கலாமே. அம்மாவின் இன்னொரு மகளிடமிருந்து பிடுங்கித்தான் ஆக வேண்டுமா?

அனுலா


தாதியர் விடுதி
2 செப்டெம்பர் 1997

நங்கிக்கு,

நலம். நீங்களும் நலமாக இருக்க வேண்டும்.

அவர் வந்ததும் உண்மை. கண்டீனில் உட்கார்ந்து பேசியதும் உண்மை. ஓகஸ்டில் விடுப்பு இல்லை என்று எழுதியது பொய், அதற்கு மன்னித்துக்கொள். மற்றபடி நீ நினைக்கிற எதுவும் இல்லை.

இதற்கு மேல் எழுத என்னால் முடியாது. நவம்பர் நடு வரைக்கும் பொறுத்துக்கொள். அதுவரை அந்தக் கல்யாணம் நடக்கக் கூடாது. அதில் மட்டும் பிடிவாதமாக இரு. என்னை என்ன வேண்டுமானாலும் திட்டு.

அக்கா


தாதியர் விடுதி
10 ஒக்டோபர் 1997

அன்பு நங்கிக்கு,

அன்றைக்கு வெயிலில் பஸ் பிடித்துப் போனாயே, பத்திரமாக வீடு சேர்ந்தாயா? சாப்பிடாமல் வந்திருப்பாய். அம்மாவின் உடம்பு எப்படி இருக்கிறது? நீ இங்கே வந்து போனது அம்மாவுக்குத் தெரியுமா?

நீ போன பிறகு நடந்ததை வேறு யாராவது சொல்லித் தெரிந்துகொள்வதை விட நானே எழுதிவிடுகிறேன்.

நீ இரத்த வங்கி மண்டபத்தில் நின்று, "இவ என் புருஷனா வரப்போற ஆளை வளைச்சுப் போட்டவ, இவகிட்டயா கையை நீட்டுறீங்க?" என்று கத்தியபோது மூன்று பேர் கட்டிலில் படுத்திருந்தார்கள். அதில் ஒரு தாத்தா எழுந்து உட்கார்ந்துவிட்டார். அவரைச் சமாதானப்படுத்திப் படுக்கவைத்தோம். உள்ளே பெரிய டொக்டர் கேட்டுக்கொண்டிருந்தார். மத்தியானம் என்னைக் கூப்பிட்டார்.

"அந்த ஆள் யார்?"

"கேம்பில் இரத்தம் கொடுத்தவர், சேர்."

"அவரை வெளியே ஏன் சந்திச்சீங்க?"

"அவர் இரத்தம் கொடுத்துட்டுச் சொன்ன ஒரு விஷயம் சம்பந்தமா."

"என்ன விஷயம்?"

"இரத்தத்துக்குச் செய்ய வேண்டியதை அன்றைக்கே செய்தாச்சு, சேர். அந்தப் பையை யாருக்கும் ஏத்தல. அவரைப் பத்தி நான் எதுவும் சொல்ல முடியாது."

அவர் நல்ல மனுஷன். ஆனால் ஒரு பெண் வந்து எல்லார் முன்னாலும் அப்படிச் சொன்ன பிறகு அவர் என்ன செய்வார்? விசாரணை முடியும்வரை நான் கேம்புக்குப் போக வேண்டாம் என்று சொல்லிவிட்டார். இப்போது குளிர்ப்பெட்டி அறையில் பைகளை எடுத்து அடுக்கிக் கொடுக்கிறேன். நாற்காலியில் வேறொரு தாதி உட்காருகிறாள். அவளுக்கு அனுபவம் குறைவு. கேள்விகளைக் கடகடவென்று வாசித்துவிட்டு நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை. கதவு வழியாக அதைக் கேட்கிறபோதுதான் எனக்குத் தாங்கவில்லை.

உன் மேல் கோபம் இல்லை என்று எழுத நினைத்தேன். இருக்கிறது. ஆனாலும் நவம்பர் நடு என்று சொன்னேனே, அதை மறந்துவிடாதே.

உடம்பைக் கவனித்துக்கொள்.

அக்கா


மொரகொல்ல
22 நவம்பர் 1997

அனுலாவுக்கு,

நீயும் அம்மாவும் நலமா என்று கேட்கக்கூட எனக்கு முகம் இல்லை. உன் வீட்டுப் படலைக்கு வந்து இரண்டு தரம் திரும்பிப் போய்விட்டேன். நேரில் என்றால் பாதியில் நிறுத்திவிடுவேன். அதனால் எழுதுகிறேன். முழுக்க வாசித்துவிட்டு என்ன வேண்டுமானாலும் செய்.

வெசாக்குக்குக் கொஞ்சம் முன்னால் எஞ்சின் வாங்கக் கொழும்புக்குப் போனோம் அல்லவா, நானும் இரண்டு கூட்டாளிகளும். குடித்தோம். அங்கே ஒரு லொட்ஜில் ஒரு பெண்ணிடம் போனேன். யாரும் இழுத்துக்கொண்டு போகவில்லை, நானாகத்தான் போனேன். திரும்பி வந்த பிறகு கூட்டாளிகளில் ஒருவன் அங்கே எய்ட்ஸ் இருக்கிறது என்று சிரித்துக்கொண்டே சொன்னான். அன்றிலிருந்து நான் தூங்கவில்லை.

பொசன் வந்தது. அண்ணன் பேரில் நடக்கிற தானம். முதல் கட்டில் என்னுடையது. நாற்காலியில் உட்கார்ந்ததும் உன் அக்கா எல்லாருக்கும் கேட்கிற கேள்விகளையே எனக்கும் கேட்டார். பின்னால் பிக்கு நிற்கிறார், நூல் தயாராக இருக்கிறது, நீ தூணோரம் நின்று சிரிக்கிறாய். "இல்லை, இல்லை" என்று எல்லாவற்றுக்கும் சொல்லிவிட்டுப் போய்ப் படுத்தேன். என் இரத்தம் பையில் ஏறுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். இது யாருக்குப் போகும், இதுவும் அண்ணன் மாதிரி ஒருவனுக்குத்தானே போகும் என்று நினைத்தபோது கண்ணை இறுக மூடிக்கொண்டேன். களைப்பு என்று நினைத்து உன் அக்கா குடிக்க ஏதோ கொடுத்தார்.

சாமான் கட்டும்போது அவரைப் பின்னால் கூப்பிட்டேன். "மிஸ், என் பையைத் தூக்கிப் போட்டுடுங்க. ஏன்னு கேட்காதீங்க" என்றேன். அவர் ஏனென்று கேட்கவில்லை. "சரி. அது யாருக்கும் போகாது. சொன்னது நல்லது" என்றார். பிறகு நானே எல்லாம் சொல்லிவிட்டேன். கிருமி உள்ளே போயிருந்தாலும் சோதனையில் உடனே தெரியாது, ஆறு மாதம் பொறுத்துத் திரும்பப் பார்த்தால்தான் நிச்சயம் என்றார். அப்புறம்தான் அவர் முகம் மாறியது. "இது மிஸ் சொல்றது இல்ல, அனுலாவோட அக்கா சொல்றது. அவகிட்ட நீங்களே சொல்லணும், என் வாயால வராது. இல்லன்னா கல்யாணத்தை நிறுத்தணும்" என்றார். ஆறு மாதம் கழித்துச் சொல்கிறேன் என்று கெஞ்சினேன். அந்த நேரத்தில் நீ தேநீரோடு வந்தாய்.

நீ கண்டீன் என்று சொன்னாயே, அது முதல் சோதனை முடிவு வந்த நாள். அதில் ஒன்றும் இல்லை. அழுதுவிட்டேன். போன வாரம் இரண்டாவது முடிவும் வந்தது. எனக்கு எந்த நோயும் இல்லை.

அதை வாங்கப் போனபோதுதான் அக்காவைக் கேம்புகளிலிருந்து எடுத்துவிட்டார்கள் என்று தெரிந்தது. நீ அங்கே போய்க் கத்தியதும் அன்றைக்குத்தான் தெரியும். இவ்வளவு நாளில் அவர் எனக்கு ஒரு வார்த்தை சொல்லி அனுப்பவில்லை. நேரே பெரிய டொக்டரிடம் போய் நானே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் எழுந்து வந்து என் தோளில் கை வைத்தார். எனக்கு அடித்திருந்தால் தேவலை என்றிருந்தது.

இனி உன் முடிவு.

திலகரத்ன


மொரகொல்ல
5 டிசம்பர் 1997

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்கள் நலமா? அம்மா நலம், முழங்கால் பரவாயில்லை. நான் நலமில்லை. ஆனால் காய்ச்சல் தலைவலி எதுவும் இல்லை.

திலகரத்னவின் கடிதத்தை வாசித்து முடித்ததும் கரேஜுக்குப் போனேன். ஆட்கள் இருந்தார்கள். அவர் எல்லாரையும் வெளியே அனுப்பினார்.

"யாரோ ஊர் பேர் தெரியாதவன் உடம்புல உங்க இரத்தம் போகக் கூடாதுன்னு அரை நாள்ல வாய் திறந்தீங்க. என் உடம்பு மட்டும் ஆறு மாசம் காத்திருக்கலாமா?" என்று கேட்டேன்.

"உன்னை இழந்துடுவேன்னு பயம்."

"பயம் எனக்கு இருந்திருக்கக் கூடாதா? எனக்குத் தெரிஞ்சிருந்தா நானும் பயந்திருப்பேன். அதுவும் என் உரிமைதானே?"

கல்யாணத்தை நிறுத்திவிட்டேன், அக்கா. அந்த லொட்ஜுக்காக மட்டும் இல்லை. அதை ஒருநாள் மன்னித்திருப்பேனோ என்னவோ. நான் கடையில் தலைகுனிந்து நின்றபோதும், உங்களைச் சந்தேகப்பட்டபோதும் அவர் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தார். அவரோடு படுத்து எழும்ப என்னால் முடியாது. ஜாதகம் சரியில்லை என்று ஊருக்குச் சொல்லியிருக்கிறோம். குணவதி வேறு ஏதாவது சொல்லட்டும். நான் வாய் திறக்கப் போவதில்லை. அவர் சொன்னது அவருடையது என்று இப்போது எனக்கும் விளங்குகிறது.

உங்களிடம் மன்னிப்புக் கேட்க நேரில் வருவேன். கத்திய அதே மண்டபத்தில் நின்று கேட்பேன். அதற்கு முன்னால் ஒன்றுக்குப் பதில் சொல்லுங்கள். இந்த முறையாவது தட்டிக் கழிக்காதீர்கள்.

இரண்டாவது முடிவு வேறு மாதிரி வந்து, அவரும் சொல்லாமல் கல்யாணத்துக்கு நாள் குறித்திருந்தால் நீங்கள் என்னிடம் சொல்லியிருப்பீர்களா?

உங்கள் நங்கி,
அனுலா


தாதியர் விடுதி
20 டிசம்பர் 1997

அன்பு நங்கிக்கு,

நான் நலம். போன திங்கட்கிழமை திரும்ப நாற்காலிக்கு அனுப்பிவிட்டார்கள். உனக்குச் சாப்பாடு இறங்குகிறதா? ஒரு வேளையாவது வயிறு நிறையச் சாப்பிடு. அழுகை வந்தால் அம்மாவுக்குத் தெரியாமல் அழ வேண்டியதில்லை. அவருக்கு எல்லாம் தெரியும்.

உன் கேள்விக்கு வருகிறேன்.

ஜூன் மாதத்திலிருந்து நான் வேறு எதையும் யோசிக்கவில்லை. விடுதிக்கு வந்து படுத்தால் சொல்லிவிடத்தான் தோன்றும். என் தங்கை, நான் தூக்கி வளர்த்த பிள்ளை, இவளை விடவா ஒரு சட்டம்? நாளைக்கே பஸ் ஏறுகிறேன் என்று பையில் சேலையை மடித்து வைத்த நாட்கள் உண்டு. காலையில் நாற்காலியில் போய் உட்காருவேன். யாராவது ஒருவர் வந்து, பெண்டாட்டிக்குக்கூடத் தெரியாததை என் முகத்தைப் பார்த்துச் சொல்வார். சொல்லிவிட்டு, "மிஸ், இது வெளிய போகாதில்லையா?" என்பார். "போகாது" என்பேன். அப்போது சேலை பையிலேயே கிடக்கும்.

சொல்லியிருப்பேன் என்று எழுதினால் உனக்கு ஆறுதலாக இருக்கும். அப்படி எழுதினால், அன்றைக்குத் தானசாலைக்குப் பின்னால் என்னை அக்கா என்று கூப்பிடாமல் மிஸ் என்று கூப்பிட்ட அந்த மனிதருக்கு நான் கொடுத்த வாக்குப் பொய். சொல்லியிருக்க மாட்டேன் என்று எழுதினால், நீ இனி என்னை அக்கா என்று கூப்பிடக் கூடாது.

எனக்குத் தெரியாது, அனுலா. உண்மையான பதில் இதுதான். எப்படிப்பட்டவள் என்று கண்டுபிடிக்க வேண்டிய நாள் எனக்கு வராமல் போய்விட்டது. அதற்காக நான் விகாரைக்குப் போய்ப் பூ வைத்தேன். வைத்துவிட்டு வெட்கப்பட்டேன்.

நேரில் வா. மண்டபத்தில் நின்று மன்னிப்பெல்லாம் கேட்காதே, கட்டிலில் கிடப்பவர்கள் பயந்துவிடுவார்கள். முதலில் சாப்பிடுவோம்.

அன்புடன்,
அக்கா